நீரும் பீங்கானும்: சீதா துரைசாமியின் ஜலதரங்க வாழ்வும் ஒரு கருவியின் மங்கிய புகழும்

ஆய்வுச் சுருக்கம்

கர்நாடக இசை மேடையில் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தனிக் கச்சேரிக் கருவியாக விளங்கிய ஜலதரங்கம், அந்நூற்றாண்டின் இறுதிக்குள் அரிய காட்சிப்பொருளாகச் சுருங்கியது. அக்கருவியை வாசித்துப் புகழ்பெற்ற சீதா துரைசாமியின் (1926–2013) இசைவாழ்வை மையமாகக் கொண்டு இச்சுருக்கத்தின் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. கலைஞரின் திறமைக் குறைவோ கேட்போரின் சுவை மாற்றமோ மட்டும் இதற்குக் காரணமன்று. கமகத்தை அளவுகோலாகக் கொண்ட கச்சேரி மரபு, கருவி செய்வோர் என்றொரு தொழில்மரபு உருவாகாமை, கற்பிக்கும் நிறுவனங்களில் நிலையான இடமின்மை ஆகிய மூன்றும் சேர்ந்தே கருவியையும் கலைஞரையும் ஒருங்கே மறக்கச் செய்தன என்பது இக்கட்டுரையின் கருத்து. பீங்கான் நகரமான விருத்தாசலத்தின் உற்பத்திச் சூழலும், ஐரோப்பியக் கண்ணாடி ஆர்மோனிகாவின் வரலாறும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: ஜலதரங்கம், சீதா துரைசாமி, பீங்கான், விருத்தாசலம், கமகம், கண்ணாடி ஆர்மோனிகா.

முன்னுரை

இசை வரலாறு பெரும்பாலும் கலைஞர்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. பிறப்பு, குருகுலம், அரங்கேற்றம், விருதுகள், சீடர் பரம்பரை என்னும் வரிசையில் அது அமையும். வாய்ப்பாட்டுக் கலைஞருக்கு இவ்வரிசை பொருந்தலாம். கருவியிசைக் கலைஞரின் புகழோ அவருடைய கையில் இருக்கும் பொருளையும் சார்ந்தது. அப்பொருளைச் செய்பவர், பழுதுபார்ப்பவர், கற்பிப்பவர், மேடை தருபவர் ஆகியோரின் தொடர் அறுந்தால், வாசித்தவர் எத்துணைச் சிறந்தவராயினும் அவர் பெயர் அடுத்த தலைமுறைக்குச் சென்று சேர்வதில்லை.

இவ்வுண்மைக்கு ஜலதரங்கம் தெளிவான சான்று. வீணைக்குத் தஞ்சாவூரும் நாகசுரத்துக்கு நரசிங்கம்பேட்டையும் கடத்துக்கு மானாமதுரையும் பெயர்பெற்ற செய்முறை ஊர்களாக உள்ளன. ஜலதரங்கத்துக்கு அவ்வாறு ஓர் ஊர் அமையவில்லை. பீங்கானையே வாழ்வாதாரமாகக் கொண்ட விருத்தாசலம் போன்ற நகரம் தமிழ்நாட்டிலேயே இருந்தும் இந்நிலை ஏன் என்னும் வினா, கருவியின் வீழ்ச்சியைப் புரிந்துகொள்ள ஒரு வாயிலாக அமைகிறது.

கருவியின் முன்வரலாறு

நீரைக் கொண்டு இசையெழுப்பும் கலை இந்திய மரபில் பழமையானது. காமசூத்திரம் கூறும் அறுபத்து நான்கு கலைகளுள் உதகவாத்தியம் ஒன்று. இதனை ஜலதரங்கத்தின் முன்னோடியாகக் காட்டுவது வழக்கம். எனினும் அந்நூலின் உரைமரபு அதனை நீர்ப்பரப்பைக் கையால் அறைந்து முழவுபோல் ஒலியெழுப்பும் கலையாகவே விளக்குகிறது. எனவே கிண்ணங்களில் நீர் நிரப்பிச் சுரம் கூட்டும் கருவிக்கு அதனை நேரடிச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அகோபலரின் சங்கீத பாரிஜாதம் ஜலதரங்கத்தைக் கஞ்சக் கருவி வகையில் குறிப்பிடுவது உறுதியான சான்றாகும். 22 கிண்ணங்கள் கொண்ட தொகுதி முழுமையானது, 15 கிண்ணங்கள் கொண்டது இடைத்தரமானது என்னும் பகுப்பு சங்கீத சாரம் என்னும் நூலில் காணப்படுகிறது.

தமிழகத்தில் இக்கருவி தனி மேடை பெற்றது இருபதாம் நூற்றாண்டில் சபாக்கள் வளர்ந்த காலத்தில் ஆகும். சென்னையில் 1927இல் நடைபெற்ற அகில இந்திய இசை மாநாட்டின் விளைவாக, 1928இல் சங்கீத வித்வத் சபை தொடங்கப்பட்டது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. இவ்விரு நிறுவனங்களும் கோயில், அரண்மனை, செல்வர் இல்லம் ஆகியவற்றுக்கு வெளியே புதிய கேட்போரை உருவாக்கின. வாய்ப்பாட்டுக்கு நடுவே ஒலிநிறத்தில் வேறுபட்ட கருவியொன்றைக் கேட்கும் ஆர்வமும் அவர்களிடம் இருந்தது. இரமணய்யா செட்டியார், ஆனையாம்பட்டி சுப்பையர் ஆகியோர் இச்சூழலில் ஜலதரங்க வித்துவான்களாக அறியப்பட்டனர்.

அமைப்பும் ஒலியியலும்

வெவ்வேறு அளவுள்ள பீங்கான் கிண்ணங்கள் வாசிப்பவரைச் சுற்றி அரைவட்டமாக அடுக்கப்படுகின்றன. பெரிய கிண்ணம் தாழ்ந்த சுரத்தையும் சிறிய கிண்ணம் உயர்ந்த சுரத்தையும் தரும். கிண்ணத்தில் நீர் ஊற்ற ஊற்றச் சுவரின் அதிர்வு சுமையேறி மெதுவாகிச் சுரம் தாழ்கிறது. கிண்ணத்தின் அடியில் உள்ள நீர் சுரத்தைச் சிறிதளவே மாற்றும். விளிம்பை நெருங்க நெருங்கச் சில துளிகளும் பெரிய மாற்றத்தை உண்டாக்கும். அதிர்வு விளிம்பில் மிகுதியாக இருப்பதே இதற்குக் காரணம். ஆகவே சுருதி கூட்டுதல் என்பது கரண்டியால் நீரை ஊற்றியும் எடுத்தும் செய்யும் நுண்ணிய வேலையாகிறது.

மண்பாண்டம் இதற்கு ஏற்றதன்று. நுண்துளைகள் நிறைந்த சுடுமண் அதிர்வை விழுங்கிவிடும். நீரை உறிஞ்சுவதால் சுருதியும் நில்லாது. வெண்களிமண், பெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றைக் கலந்து உயர்வெப்பத்தில் சுட்டு இறுகிய பீங்கானே மணியோசை தரும். கருவியின் இனிமைக்கு அடிப்படையான இப்பண்பே அதன் எல்லையையும் வகுத்துவிடுகிறது. தட்டிய ஒலி விரைவில் அடங்குவதால் விளம்பகாலச் சஞ்சாரங்களுக்கு அது எளிதில் இசைவதில்லை.

இராகம் மாறும்போதெல்லாம் நீரின் அளவும் மாற வேண்டும். மோகனத்திலிருந்து ஹம்சத்வனிக்குச் செல்லத் தைவதக் கிண்ணங்களை நிஷாதமாக்கினால் போதும். ஆனால் மோகனத்திலிருந்து ஹிந்தோளத்துக்குச் செல்ல வேண்டுமாயின் ஷட்ஜம் தவிர மற்ற எல்லாச் சுரங்களையும் மாற்ற நேரும். பாடகர் ஒரு மூச்சில் கடக்கும் இடைவெளியை ஜலதரங்கக் கலைஞர் கேட்போர் கண்முன் நீரூற்றிக் கடக்கிறார். கச்சேரியின் இராக வரிசையை முன்கூட்டியே திட்டமிடும் அறிவு இக்கருவிக்கு இன்றியமையாதது.

சீதா துரைசாமியின் இசைவாழ்வு

சீதா துரைசாமி 1926இல் திருநெல்வேலி மாவட்டத்து அடைச்சாணியில் பிறந்தார். இளவயதிலேயே இசைப்பயிற்சி தொடங்கியது. சங்கீத வித்வத் சபையில் பயின்றபோது பேராசிரியர் பி. சாம்பமூர்த்தியின் ஊக்கம் அவரை ஜலதரங்கத்தின்பால் திருப்பியது. இரமணய்யா செட்டியாரிடம் அவர் அக்கருவியைக் கற்றார். சபையின் தங்கப் பதக்கத்தை மிக இளவயதில் பெற்றவர் என்னும் சிறப்பும் அவருக்குக் கிட்டியது. கோட்டுவாத்தியமும் வாசித்தார்.

இத்தொடக்கத்தில் சாம்பமூர்த்தியின் (1901–1973) பங்கு தனியே கருதத்தக்கது. தென்னிந்திய இசையின் வரலாற்றையும் இலக்கணத்தையும் பாடநூல்களாக வகுத்த அவர், சென்னை அரசு அருங்காட்சியகத்தின் இசைக்கருவிகளுக்கு விளக்க அட்டவணையும் தொகுத்தவர். அருகிவரும் கருவிகளை அருங்காட்சியகப் பேழையில் மட்டும் காப்பது போதாது, வாசிக்கும் கைகளும் வேண்டும் என்னும் நோக்குக்குச் சீதாவைப் போன்ற மாணவியரை அவர் ஊக்குவித்தது நடைமுறைச் சான்றாகிறது.

சீதா வளர்ந்த காலம் பெண்களின் மேடை வரலாற்றிலும் திருப்பமான காலம். இசை வேளாளர் மரபுக்கு வெளியே பிறந்த பெண்கள் பொதுமேடையில் பாடுவது அப்போதுதான் மெல்ல ஏற்கப்பட்டு வந்தது. டி.கே. பட்டம்மாள் (1919–2009) இவ்வகையில் வழியமைத்தவர். பெண்கள் குரலால் அறியப்படுவதற்கே தடைகள் இருந்த நாளில், அரிய கருவி ஒன்றைத் தேர்ந்து முன்வந்தது சீதாவின் துணிவைக் காட்டுகிறது.

ஆயினும் அத்துணிவு தொடர்ந்த மேடைவாழ்வாக உடனே மலரவில்லை. இளவயதில் திருமணம் நிகழ்ந்தது. பத்துக் குழந்தைகளை வளர்த்த இல்லறப் பொறுப்பில் இசைவாழ்வு நீண்ட இடைவெளி கண்டது. இவ்விடைவெளி ஒருவருடைய தனிவாழ்வுச் செய்தி மட்டுமன்று. வாய்ப்பாட்டில் தேர்ந்த ஒருவர் சமையலறையிலும் தாலாட்டிலும் குரலைப் பேண இயலும். ஜலதரங்கத்தைப் பேண வேண்டுமாயின் பரப்பி வைக்க இடமும், உடையாமல் காக்கக் குழந்தைகளின் கைக்கு எட்டாத மூலையும், சுருதி கூட்ட இடையூறற்ற பொழுதும் வேண்டும். கூட்டுக்குடும்ப இல்லத்தில் இம்மூன்றும் அரியவை. எனவே அவர் பின்னாளில் மீண்டும் கிண்ணங்களின் முன் அமர்ந்தது அசாதாரணமான மீட்சியாகும். முதுமையிலும் அவர் கச்சேரிகள் வாசித்தார். தமிழ்நாடு அரசின் கலைமாமணி விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2013 மார்ச்சில் அவர் மறைந்தார்.

அவர் முதலில் பயின்ற காலத்துக்கும் திரும்பி வந்த காலத்துக்கும் இடையில் மேடை மாறிவிட்டது. முன்னர் ஜலதரங்கம் சபா நிகழ்ச்சிநிரலில் பல கருவிகளுள் ஒன்று. பின்னரோ அது அறிமுகவுரை தேவைப்படும் அரிய பொருள். கலைஞர் முதிர்ந்து திரும்பியபோது, அவரை மதிப்பிடும் பயிற்சி பெற்ற கேட்போர் கூட்டம் குறைந்துபோயிருந்தது.

மேடையிலிருந்து விலகியமைக்கான காரணங்கள்

முதற்காரணம் கமகம். கர்நாடக இசையில் சுரம் என்பது நிலைத்த புள்ளியன்று. அண்டைச் சுரங்களைத் தொட்டசையும் இயக்கம் அது. தோடியின் காந்தாரமும் சஹானாவின் ரிஷபமும் இவ்வசைவின்றி அடையாளம் பெறுவதில்லை. ஜலதரங்கக் கலைஞர் குச்சியின் நுனியால் நீர்ப்பரப்பைத் தொட்டு ஒலியைச் சற்று வளைப்பதுண்டு. ஆயினும் வீணைத் தந்தியை இழுத்தோ வயலின் தந்தியில் விரலை வழுக்கியோ பெறும் தொடர்ச்சி இதில் கிட்டாது. ஹம்சத்வனி, கதனகுதூகலம் போன்ற இராகங்களிலும், முத்துசாமி தீட்சிதரின் நொட்டுஸ்வர உருப்படிகளைப் போன்று சுரங்கள் தனித்தனியே துள்ளி நடக்கும் அமைப்புகளிலும் இக்கருவி முழு அழகுடன் ஒலிக்கிறது.

வெளியிலிருந்து வந்த கருவிகளைக் கர்நாடக இசை ஏற்ற வரலாறும் இதே அளவுகோலையே காட்டுகிறது. பாலுசாமி தீட்சிதர் (1786–1858) காலத்தில் நுழைந்த வயலின், கமகத்தை முழுமையாகத் தர இயன்றதால் பக்கவாத்தியங்களுள் முதலிடம் பெற்றது. கிளாரினெட் மேதை ஏ.கே.சி. நடராஜனுக்குச் சங்கீத வித்வத் சபை 2008இல் சங்கீத கலாநிதி விருது அளித்தது. இதற்கு மாறாக, நிலைத்த சுரங்களை உடைய பியானோ தேவாலயத்திலும் திரையிசைக் கூடத்திலும் இடம்பெற்றதேயன்றிச் சபாக் கச்சேரியின் பொதுக்கருவியாகவில்லை. ஆர்மோனியத்துக்கு அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை தடையே விதித்திருந்தது. ஜலதரங்கத்துக்கு அத்தகைய தடை எதுவும் இருந்ததில்லை. ஆனால் சங்கீத கலாநிதி பட்டியலில் ஜலதரங்கக் கலைஞர் எவருமில்லை. தடை விதிக்கப்பட்ட கருவியைப் பற்றி வாதிடவேனும் ஆள் இருந்தனர். தடையின்றி ஒதுங்கிய கருவிக்கு வாதமும் எழவில்லை.

இரண்டாவது காரணம் கச்சேரியின் அமைப்பு. அரியக்குடி இராமானுஜ ஐயங்காரின் (1890–1967) பெயரோடு இணைத்துப் பேசப்படும் இன்றைய கச்சேரி முறை, வர்ணத்தில் தொடங்கி அடுத்தடுத்து இராகங்களை மாற்றிக்கொண்டே செல்கிறது. ஒவ்வொரு மாற்றமும் ஜலதரங்கத்துக்குச் சுருதி கூட்டும் இடைவேளை. மேலும் நிரவல், விரிவான ஆலாபனை ஆகியவை பாட்டின் இலக்கணத்தில் பிறந்தவை. கருவியிசை பாட்டைப் போல ஒலிக்க வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு வலுப்பெற்றபோது, பாட்டைப் போல ஒலிக்க இயலாத கருவி புதுமைப் பொருளாகத் தாழ்ந்தது. வானொலியின் குழு இசையிலும் திரைப்பாடலிலும் ஒலிநிறம் சேர்க்கும் கருவியாக அது வாழ்ந்தது. அங்கே ஒலி பிழைத்தது, கலைஞரின் பெயர் பிழைக்கவில்லை.

மூன்றாவது காரணம் பொருள்சார்ந்தது. அது தனியே ஆராயத்தக்கது.

பீங்கான் நகரமும் பிறவாத கருவித் தொழிலும்

கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்த விருத்தாசலம், திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயரும் பழமலைநாதர் கோயிலும் கொண்டு பக்தி இலக்கிய வரலாற்றில் இடம்பெற்ற ஊர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அது பீங்கான் நகரமாக இரண்டாம் அடையாளம் பெற்றது. அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைத் தோண்டும்போது மேற்படிவுகளில் வெண்களிமண் கிடைத்தது. அரசுத் துறையின் பீங்கான் தொழிற்சாலை, சிறு அலகுகள் கூடிய தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு வழங்கும் அரசுக் கல்வி நிறுவனம் ஆகியவை அங்கு அமைந்தன. மின்கம்பிகளைத் தாங்கும் காப்பிகள், ஃபியூஸ் கட்டைகள், பொம்மைகள், அகல் விளக்குகள் முதலியன இந்நகரின் பெயரைத் தமிழ்நாடெங்கும் கொண்டுசென்றன.

இவ்வுற்பத்தியை வடிவமைத்தது தேவை. மின்மயமாக்கம் காப்பிகளைக் கேட்டது. கார்த்திகையும் கொலுவும் விளக்கையும் பொம்மையையும் ஆண்டுதோறும் கேட்டன. ஜலதரங்கத்தின் தேவையோ மிகச் சிறிது. ஒரு தொகுதி உடையாத வரை ஒரு கலைஞருக்கு வாழ்நாள் முழுவதும் போதும். மேலும் பீங்கான் சுடும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும். சுவரின் தடிப்பில் தோன்றும் சிறு வேறுபாடும் சுரத்தை மாற்றும். குறிப்பிட்ட சுரத்துக்கென ஒரே சீரான கிண்ணங்களைச் செய்ய வேண்டுமாயின் பலமுறை சுட்டுச் சோதிக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் விற்கும் பொருளுக்கு இச்செலவு தாங்கும். ஒரு சிலரே வாங்கும் பொருளுக்குத் தாங்காது.

விளைவாக, ஜலதரங்கக் கலைஞர் கருவி செய்வோரிடம் செல்லாமல் பாத்திரக் கடைக்கே சென்றார். சீனத்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்த உணவுக் கிண்ணங்களைத் தட்டிப் பார்த்து, நாதமுள்ளவற்றைத் தேர்ந்தெடுத்துத் தொகுதியாக்குவதே வழக்கமானது. இதனால் ஒவ்வொரு தொகுதியும் ஒரு கலைஞரின் செவியால் உருவான தனிப்படைப்பு. அத்தகைய தொகுதியில் நடுச்சுரக் கிண்ணம் ஒன்று உடைந்தால் அதற்கு இணையானதைத் தேடுவது எளிதன்று. வீணையின் குடம் பழுதானால் தஞ்சாவூரில் ஆசாரி இருக்கிறார். ஜலதரங்கத்தின் கிண்ணம் உடைந்தால் தேடிச் செல்ல ஓர் ஊர் இல்லை. புதிதாகக் கற்க விரும்பும் மாணவருக்கு முதல் தடை இதுவே. ஆசிரியர் கிடைத்தாலும் கருவி கடையில் கிடைப்பதில்லை.

கண்ணாடி ஆர்மோனிகா: ஓர் ஒப்பீடு

நீரால் சுருதி கூட்டும் கிண்ணங்கள் ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் புகழ்பெற்றிருந்தன. இசையமைப்பாளர் குளுக் 1746இல் இலண்டனில் நீர் நிரப்பிய 26 கண்ணாடிக் குவளைகளைக் கொண்டு கச்சேரி செய்தார். பெஞ்சமின் பிராங்க்ளின் 1761இல் கண்ணாடிக் கிண்ணங்களை ஓர் அச்சில் கோத்துச் சுழலவிட்டு ஆர்மோனிகாவை உருவாக்கினார். பார்வையிழந்த ஜெர்மானியக் கலைஞர் மரியானே கிர்ஷ்கெஸ்னர் (1769–1808) அக்கருவியுடன் ஐரோப்பிய நகரங்களில் வலம்வந்தார். 1791இல் மொசார்ட் அவருக்கென ஓர் உருப்படியே இயற்றினார். எனினும் அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கருவி வழக்கொழிந்தது. அரங்குகள் பெரிதாயின, அவற்றை நிறைக்கும் ஓசை கண்ணாடிக்கு இல்லை. இன்று கிர்ஷ்கெஸ்னரின் பெயர் பெரும்பாலும் மொசார்ட்டின் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகவே வருகிறது.

அதே காலத்தில் பியானோ வளர்ந்தது. அதுவும் நிலைத்த சுரங்களை உடையது, தட்டி எழுப்பும் ஓசை அடங்கிவிடுவது. ஆனால் அதற்குப் பட்டறைகள் இருந்தன. இரும்புச் சட்டம் முதலான மேம்பாடுகள் தொடர்ந்தன. கல்விக்கூடங்கள் பாடத்திட்டம் வகுத்தன. இசையமைப்பாளர்கள் அதற்கென எழுதினர். எனவே புகழ்பெற்ற பியானோ கலைஞர் ஒருவர் மறக்கப்பட்டாலும் அவர் வாசித்த உருப்படிகளும் கருவியும் அடுத்தவர் கையில் வாழ்கின்றன. கிர்ஷ்கெஸ்னருக்கும் சீதா துரைசாமிக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆர்மோனிகாவின் வரலாற்றில் பின்னிணைப்பு ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் ஆய்வகங்களுக்குக் கண்ணாடிப் பொருள்கள் செய்துவந்த கெர்ஹார்ட் ஃபிங்கன்பைனர் என்னும் வினைஞர், 1980களில் குவார்ட்ஸ் கண்ணாடியில் ஆர்மோனிகாக்களை மீண்டும் செய்து விற்றார். தொழிற்பொருள் செய்யும் பட்டறையிலிருந்தே வழக்கொழிந்த இசைக்கருவிக்கு மறுவாழ்வு பிறந்தது.

‘கடைசி’ என்னும் அடைமொழி

சீதா துரைசாமியை ஜலதரங்கத்தின் கடைசிப் பெரும் பெண் கலைஞர் என்று குறிப்பிடுவது வழக்கமாகிவிட்டது. போற்றுதலாகவே சொல்லப்படும் இத்தொடர் அவருடைய புகழின் தன்மையை வெளிப்படுத்துகிறது. அவர் எவ்விராகத்தை எவ்வாறு கையாண்டார், கிண்ணத்தில் கமகத்தை எந்த அளவு கொணர்ந்தார், கற்பனைச் சுரத்தில் அவருடைய போக்கு யாது என்னும் வினாக்களை இத்தொடர் எழுப்புவதில்லை. கருவியின் முடிவுக்கு அவரைச் சாட்சியாக நிறுத்துவதோடு அது அமைகிறது. இசையால் தொடங்கிய புகழ் அருமையால் முடிகிறது.

அத்தொடர் முற்றிலும் துல்லியமானதும் அன்று. ஆனையாம்பட்டி மரபில் எஸ். கணேசன் முதலியோர் கருவியை மேடையில் தொடர்ந்து நிறுத்தினர். ‘கடைசி’ என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவது, இன்னும் வாசிப்போரைக் காணாமல் செய்துவிடும் இடரும் உடையது. கற்க வரும் இளைஞருக்கு அது ஒரு மூடிய கதவு.

முடிவுரை

சீதா துரைசாமியின் வாழ்வில் மூன்று கட்டங்கள் காணப்படுகின்றன: நிறுவன ஊக்கத்தால் இளமையில் எழுந்த புகழ், இல்லறத்தில் நீண்ட மௌனம், மாறிவிட்ட மேடைக்கு முதுமையில் நிகழ்ந்த மீட்சி. இவற்றுள் முதற்கட்டம் ஒரு செய்தியைத் தெளிவாக உணர்த்துகிறது. ஒரு பேராசிரியரின் அக்கறையும் ஒரு சபையின் பயிற்சியும் ஒரு வித்துவானின் கற்பிப்பும் ஒன்றுகூடியபோது அரிய கருவிக்கு ஒரு மேதை கிடைத்தார். அக்கூட்டு நீடித்திருந்தால் அவருக்குப் பின் சிலர் தோன்றியிருக்கக்கூடும்.

ஜலதரங்கத்தின் கமக எல்லை இயற்கையானது. அதனை மாற்ற இயலாது. கருவியின்மை அவ்வாறன்று. வெண்களிமண்ணும் சூளையும் தொழில்நுட்பக் கல்வியும் கைவினைத் திறனும் ஒருங்கே உள்ள விருத்தாசலத்தில், சுரம் அளந்து செய்த கிண்ணத் தொகுதி ஒன்றை உருவாக்குவது பட்டயப் படிப்பு மாணவரின் ஆய்வுத்திட்டமாகவே அமையக்கூடியது. இசைக் கல்லூரிகள் ஆண்டுக்குச் சில தொகுதிகளை வாங்க முன்வந்தால் அம்முயற்சி நிலைக்கும். அத்தகைய தொகுதியின் முன் அமரும் மாணவி, சீதா துரைசாமியை ஒரு முடிவின் பெயராக அறிய வேண்டியதில்லை. தமக்கு முன் அதே கிண்ணங்களில் நீரளந்த ஓர் ஆசிரியரின் பெயராக அறிவார்.